பதினாறாம் நாள் விடுப்பு

முதலியார்பேட்டை, புதுச்சேரி
6.7.2025

அன்புள்ள பேத்தி பூர்ணிமாவுக்கு,

ஆயா ஜெயம் எழுதுகிறேன். முதலில் வீட்டுப் பிள்ளைகளின் சங்கதி. உன் பெரியப்பா மகள் மேனகாவுக்குக் கோரிமேட்டில் நர்ஸ் வேலை நிரந்தரமாகிவிட்டது. வேலை உடுப்போடு தெருவில் நடந்து வந்தாள், பார்க்காதவர்களையும் கூப்பிட்டுப் பார்க்கவைத்தேன். உன் தம்பி தமிழ்மாறன் ஐ.டி.ஐ.யில் இரண்டாவதாகத் தேறினான். முதலாவது வந்தவன் வாத்தியார் மகன். அதனால் நம்மவன்தான் முதல் என்று நான் வைத்துக்கொண்டேன். அப்புறம் நீ. கம்ப்யூட்டருக்கே வேலை சொல்லிக்கொடுக்கிறவள் நம் வம்சத்தில் நீ ஒருத்திதான். உன் தாத்தா கன்னியப்பன் மில்லில் தறிக்கு எண்ணெய் விட்டதோடு நம் இயந்திர ஞானம் முடிந்தது.

போனில் பேசினால் நீ 'ம்', 'ம்' என்கிறாய். கடிதத்தில் யாரும் 'ம்' என்று எழுதித் தபால்தலை ஒட்ட மாட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன். பதிலும் எழுத்திலேயே வேண்டும்.

நீ செய்த கம்ப்யூட்டர் 'தோழி' எங்கள் கம்பெனிக்கு வந்துவிட்டாள். ஓட்டல் படுக்கை விரிப்புகளை வெளுத்து மடிக்கிற இடத்துக்கு இவ்வளவு பெரிய வேலை எதற்கென்று முதலில் நினைத்தேன். ஆனால் நன்றாக இருக்கிறது. போனைத் திறந்து தமிழில் பேசினால் போதும். விடுப்பு எத்தனை மிச்சம், சம்பளம் எப்போது, எல்லாம் சொல்கிறாள். தொண்ணூற்றாறு பெண்களுக்கும் நான்தான் பழக்கிவிட்டேன். 'இது என் பேத்தி செஞ்சது, பயப்படாத, பேசு' என்று ஒவ்வொருத்தியிடமும் சொன்னேன்.

புதன்கிழமை அஞ்சலாட்சியின் அம்மா இறந்துபோனார். அஞ்சலாட்சியை உனக்குத் தெரியுமே. பதினோரு வருஷமாக விரிப்பின் அந்த இரண்டு முனையை அவள் பிடிக்கிறாள், இந்த இரண்டு முனையை நான் பிடிக்கிறேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. சாவு வீட்டு வாசலிலேயே அவள் போனை வாங்கி, 'தாய் மரணம்' என்று அழுத்தி, இரண்டு நாள் விடுப்பு போட்டேன். ஒரு நிமிஷத்தில் பச்சை டிக் வந்தது.

'அவ்ளோதானாக்கா?' என்றாள்.

'அவ்ளோதான்டி. என் பேத்தி செஞ்சது.'

சாவு வீட்டில் பெருமை பேசக்கூடாதுதான். பேசிவிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் ஆயா,
க. ஜெயம்


பெங்களூரு
12.7.2025

அன்புள்ள ஆயாவுக்கு,

நான் தங்கியிருக்கிற விடுதியில் தபால் வந்தது எனக்கு மட்டும்தான். வாட்ச்மேன் பயந்துபோய், 'கோர்ட்டில் இருந்தா மேடம்?' என்று கேட்டார். 'அதைவிடப் பெரிய இடம்' என்றேன்.

நீங்கள் தொண்ணூற்றாறு பேருக்குப் பழக்கிவிட்டதை எங்கள் டீமில் சொன்னேன். கைதட்டினார்கள். நான் என்ன செய்தேன் என்று உங்களுக்குச் சரியாகச் சொன்னதே இல்லை. உங்கள் கம்பெனியில் ஹெச்.ஆர். சாஃப்ட்வேர் ஒன்று முன்பே இருந்தது. யார் எப்போது சேர்ந்தார், எத்தனை நாள் விடுப்பு எடுத்தார், ஒப்பந்தம் எப்போது முடிகிறது, எல்லாம் அதில் இருக்கும். பீரோ மாதிரி. யாராவது ஆள் போய்த் திறந்தால்தான் உண்டு. அந்த பீரோவை, ஆள் இல்லாமல் தானே திறந்து வேலை பார்க்கிற ஏஐ ஏஜென்ட்டோடு நான் இணைத்தேன். அந்த ஏஜென்ட்டுக்குத்தான் உங்கள் மேனேஜர் விஜயராகவன் சார் தோழி என்று பெயர் வைத்தார்.

இணைக்கும்போது மூன்று சாவி உண்டு. பதிவுகளைப் படிக்க ஒன்று, பதிவுகளில் எழுத ஒன்று, கம்பெனி பெயரில் கடிதம் அனுப்ப ஒன்று. மூன்றாவதைக் கொடுக்கலாமா என்று கொஞ்சம் யோசித்தேன். மேனேஜர் 'எல்லாத்தையும் அதுவே பாத்துக்கட்டும்மா' என்றார். டெமோவிலும் மூன்றும் இருந்தால்தான் பார்க்க நன்றாக இருந்தது. கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 29 எனக்கு வேலை நிரந்தரமாகுமா என்று முடிவு தெரியும். உங்கள் கம்பெனிதான் எனக்கு முதல் இடம். அங்கே தொந்தரவு இல்லாமல் ஓடினால் போதும், ஆயா. அஞ்சலாட்சி அத்தையிடம் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
பூர்ணிமா


முதலியார்பேட்டை
20.7.2025

அன்புள்ள பூர்ணிமாவுக்கு,

நீ விசாரித்ததைச் சொல்வதற்குள் உன் தோழி விசாரித்துவிட்டாள்.

பதினேழாம் தேதி அஞ்சலாட்சியின் அம்மாவுக்குப் பதினாறாம் நாள் காரியம். துக்கத்துக்கு மூன்று நாள் விடுப்பு எங்களுக்கு உண்டு. இரண்டு நாளைச் சாவுக்கு எடுத்துக்கொண்டு, மூன்றாவதைக் காரியத்துக்கு வைத்துக்கொள்வதுதான் நாங்கள் எல்லோரும் செய்வது. டைம் ஆபீஸில் இருந்த கமலக்கண்ணன் கேட்கக்கூட மாட்டார். இரண்டு நாள் எழுதிவிட்டு, ஓரமாகப் 'பதினாறுக்கு ஒன்று' என்று குறித்துக்கொள்வார். மார்ச்சில் அவர் ஓய்வு பெற்றதும் அந்த நோட்டையெல்லாம் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிட்டார்கள்.

அதனால் காரியத்துக்கு முந்தின நாளே அஞ்சலாட்சியின் போனைத் திறந்தேன். பட்டியலில் காரியம் என்று ஒன்றும் இல்லை. காய்ச்சல் இருக்கிறது, கல்யாணம் இருக்கிறது, தாய் மரணம் இருக்கிறது. வேறு எதை அழுத்துவேன்? தாய் மரணத்தையே மறுபடி அழுத்தினேன். பச்சை டிக் வந்தது. அவளும் காரியத்தை முடித்துவிட்டு மறுநாள் வேலைக்கு வந்தாள்.

நேற்று அவள் போனுக்கு வந்ததை அப்படியே எழுதுகிறேன்: 'தாய் மரணம் என்ற காரணத்தில் 15 நாள் இடைவெளியில் இரண்டு முறை விடுப்பு பெற்றுள்ளீர்கள். இது பொய்த் தகவல் எனக் கருதப்படுகிறது. விளக்கம் அளிக்கவும். தங்கள் ஒப்பந்தம் செப்டம்பர் முதல் புதுப்பிக்கப்படாது.'

சாப்பாட்டு நேரத்தில் நான்தான் அவளுக்குப் படித்துக் காட்டினேன். சோற்றை மூடி வைத்துவிட்டாள்.

'எங்கம்மா ரெண்டு வாட்டி செத்தாங்கன்னு நான் சொன்னேனாக்கா?' என்றாள். அழவில்லை. கேட்டாள்.

நான் விஜயராகவனிடம் போனேன். 'நான் அனுப்பலம்மா, சிஸ்டம் அனுப்பிச்சது' என்றார்.

'கையெழுத்து யாருது சார்?'

'இதுக்குக் கையெழுத்தெல்லாம் வேணாம்மா.'

பூர்ணிமா, இதற்குத் தோழி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தோழியென்றால் சாவு வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். வந்திருந்தால் காரியம் என்றைக்கு என்று கேட்டுக்கொண்டு போயிருப்பாள்.

உன் பெயரைச் சொல்லித்தான் அவளைப் பழக்கினேன். அழுத்தினதும் என் விரல். அதனால் இது அஞ்சலாட்சியின் வழக்கு இல்லை, நம் வீட்டு வழக்கு. சீக்கிரம் சரி செய்.

ஆயா


பெங்களூரு
25.7.2025

அன்புள்ள ஆயா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அஞ்சலாட்சி அத்தையின் பதிவைத் திறந்து பார்த்தேன். நடந்தது நீங்கள் சொன்னதுதான். ஆனால் கோபப்படாமல் கேளுங்கள். கம்பெனி எனக்குக் கொடுத்த விதிப் புத்தகத்தில் 'துக்க விடுப்பு, தொடர்ச்சியாக மூன்று நாள்' என்றுதான் இருக்கிறது. கமலக்கண்ணன் சார் ஓரத்தில் எழுதியது எதையும் யாரும் எனக்குத் தரவில்லை. கொடுத்த விதிப்படிதான் ஏஜென்ட் நடந்துகொண்டது.

இப்போது நான் இதைப் பெரிதாக்கினால், மூன்றாவது சாவியை ஏன் கொடுத்தாய் என்ற கேள்வி வரும். முடிவுக்கு இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது.

ஒரு வழி இருக்கிறது. அத்தை ஒரு மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் போதும். 'தவறான தகவல் அளித்துவிட்டேன், மன்னிக்கவும், இனி இப்படி நடக்காது.' அது பதிவில் ஏறியதும் ஏஜென்ட் வழக்கை மூடிவிடும், ஒப்பந்தமும் தானாகப் புதுப்பிக்கப்படும். யாருக்கும் தெரியாது. நானே டைப் செய்து இதோடு வைத்திருக்கிறேன். அத்தையின் கைநாட்டு மட்டும் வாங்குங்கள். ஆகஸ்ட் முடியட்டும், அப்புறம் நானே எல்லாவற்றையும் சரி செய்கிறேன். சத்தியமாக.

எனக்காக இந்த ஒரு தடவை, ஆயா.

பூர்ணி


முதலியார்பேட்டை
3.8.2025

பூர்ணிமாவுக்கு,

நீ டைப் செய்து அனுப்பிய தாளை இதோடு திருப்பி வைத்திருக்கிறேன். மடிப்பைக்கூட நான் பிரித்து நீவவில்லை. அஞ்சலாட்சியிடம் காட்டவும் இல்லை. காட்டியிருந்தால் உனக்காக அவள் கைநாட்டு வைத்திருப்பாள். அதனால்தான் காட்டவில்லை.

பெற்ற தாய்க்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வந்தவள், 'பொய் சொன்னேன், மன்னியுங்கள்' என்று எழுதிக் கொடுக்க வேண்டுமா? அது பதிவில் ஏறுமாம். ஏறினால் இறங்குமா? அவள் பெயருக்கு நேரே பொய்க்காரி என்று எத்தனை வருஷம் அந்த பீரோவில் கிடக்கும், சொல்.

யாரும் உனக்குச் சொல்லவில்லை என்கிறாய். உன் தாத்தா போனபோது நீ காலேஜில் முதல் வருஷம். செத்த அன்று 'தாத்தா இறந்துவிட்டார்' என்று லீவு லெட்டர் எழுதினாய். பதினாறாம் நாளுக்கும் அதையேதான் எழுதினாய், உன் பக்கத்தில் உட்கார்ந்துதானே நான் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தேன்? உன் மேடம் 'அந்த லெட்டர்தான் ரெண்டு வாரம் முன்னாடியே வந்ததே' என்று கேட்டதாகவும், 'காரியம் மேடம்' என்று நீ சொன்னதாகவும், 'சரி போய்ட்டு வாம்மா' என்று அவர் உன் தலையைத் தடவியதாகவும் வந்து சொன்னாய். உனக்குத் தெரியாததை நீ மெஷினுக்குச் சொல்லவில்லை என்றால் விட்டுவிடுவேன். உனக்குத் தெரிந்ததையே சொல்லாமல் விட்டிருக்கிறாய்.

நான் செய்ததையும் கேட்டுக்கொள். மறைக்க மாட்டேன்.

வேலை நேரத்தில் யாரிடமும் பேசவில்லை. பஸ்ஸிலும் சாப்பாட்டு நேரத்திலும் பேசினேன். 'காரியத்துக்குத் தனியா லீவு எடுத்தவங்க யாரு யாரு?' என்று கேட்டேன். எடுக்காதவள் யார்? ஒரு குயர் வெள்ளைத்தாள் வாங்கினேன். ஆளுக்கொரு தாள். பெயர், யார் செத்தது, என்றைக்குச் செத்தது, என்றைக்குக் காரியம். கீழே ஒரே வாக்கியம்: 'அஞ்சலாட்சி சொன்னது பொய் என்றால் நான் சொன்னதும் பொய். எனக்கும் நோட்டீஸ் கொடுக்கவும்.' எழுதத் தெரிந்தவர்கள் எழுதினார்கள். தெரியாதவர்களுக்கு நான் எழுதினேன். கை வீங்கிப்போயிற்று. நாற்பத்தொரு தாள் சேர்ந்தது. மற்றவர்கள் பயந்தார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சின்னப்பொண்ணு மறுநாள் வந்து, 'எங்க வீட்டுக்காரு திட்டுறாருக்கா, என்னுத குடுத்துரு' என்று வாங்கிக்கொண்டாள். ஆக நாற்பது. முதல் தாள் என்னுடையது. உன் தாத்தாவுடைய தேதிகளை எழுதினேன்.

வெள்ளிக்கிழமை அந்தத் தாள்கட்டை எடுத்துக்கொண்டு விஜயராகவன் அறைக்குப் போனேன்.

'இதெல்லாம் தோழிகிட்ட போடுங்கம்மா. பேப்பர் இப்ப வாங்கறதில்ல.'

'வாங்காட்டி போங்க சார். மேசை மேல வெச்சுட்டுப் போறேன். ஃபேன் மட்டும் போடாதீங்க, பறந்துடும்.'

அவர் மேலே இருந்ததைப் படித்தார். அடுத்ததைப் படித்தார். ஏழெட்டுத் தாள் படித்திருப்பார்.

'யாரு எழுதிக் குடுத்தது இதெல்லாம்?'

'நான்தான். அஞ்சாவது வரைக்கும் படிச்சிருக்கேன். இதுக்கு அது போதும்.'

'உங்க பேத்தி வேலைக்கே பிரச்சினை ஆயிடும்மா. யோசிச்சீங்களா?'

யோசிக்காமலா இருப்பேன்? நீ பிறந்தபோது தொப்புள்கொடி காயும்வரை என் மடியில்தான் கிடந்தாய். 'அவகிட்ட நானே எழுதி சொல்லிக்கிறேன் சார்' என்று சொல்லிவிட்டு வந்தேன். இதோ சொல்லிவிட்டேன்.

உன் மேலதிகாரிக்கு நான் கடிதம் எழுத மாட்டேன். அது நீ செய்ய வேண்டியது.

ஆயா


முதலியார்பேட்டை
17.8.2025

பூர்ணிமாவுக்கு,

இரண்டு வாரமாகப் பதில் இல்லை. போன் அடித்தாலும் எடுக்கவில்லை. உன் அம்மாவிடம் மட்டும் பேசுகிறாய் என்று தெரியும். 'ஏம்மா இப்படிப் பண்ற, அவ வாழ்க்கைம்மா' என்று அவள் என்னைத் திட்டிவிட்டுப் போனாள். பெற்றவள் திட்டத்தான் செய்வாள்.

பதினைந்து சுதந்திர தினம், பதினாறு நம் புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்த நாள், இரண்டு நாளும் கொடியேற்றம், கம்பெனி லீவு. அஞ்சலாட்சி பெரிய மார்க்கெட்டில் சங்கரா மீன் வாங்கிவந்து இங்கேயே குழம்பு வைத்தாள். முதலாம் தேதியோடு தனக்கு வேலை இல்லை என்று நம்பிவிட்டாள். மீன் கடையில் கூடை சுமக்கக் கூலிக்கு ஆள் எடுக்கிறார்களா என்று விசாரித்துவிட்டு வந்திருக்கிறாள். அவளுக்கு நான் என்ன சொல்வது? 'என் பேத்தி பாத்துக்குவா' என்று ஜூலையில் சொன்ன வாய் இது.

நீ என்னோடு பேசாவிட்டாலும் நான் எழுதியதில் ஒரு எழுத்தைத் திரும்ப எடுக்க மாட்டேன். பேசினாலும் எடுக்க மாட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஆயா


பெங்களூரு
30.8.2025

ஆயா,

உங்கள் கடிதத்தில் வெற்றிலை மடித்த வரியில் வந்து நின்றுவிட்டேன். மேலே படிக்கவே மூன்று நாள் ஆயிற்று. உங்கள் மேல் பயங்கரக் கோபம். ஒரு கடிதம் எழுதிக் கிழித்தேன், இன்னொன்று எழுதி அதையும் கிழித்தேன். அதில் இருந்ததைச் சொல்ல மாட்டேன்.

போன வாரம் எங்கள் மேலதிகாரியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கடிதம் அனுப்புகிற சாவியை யோசிக்காமல் கொடுத்தது நான், ஆள் பார்க்காமல் ஒருவரின் வேலையை நிறுத்துகிற அளவுக்கு இணைத்தது நான், தெரிந்தும் மன்னிப்புக் கடிதம் வாங்கி மூடப் பார்த்ததும் நான் என்று எழுத்தில் கொடுத்தேன். கடைசியாகச் சொன்னதை நான் சொல்லியிருக்கவே வேண்டாம், யாருக்கும் தெரிந்திருக்காது. சொல்லிவிட்டேன்.

அன்றைக்கே மூன்றாவது சாவியைப் பிடுங்கினோம். அஞ்சலாட்சி அத்தைக்குப் போன நோட்டீஸ் ரத்து. 'பொய்த் தகவல்' என்ற குறிப்பைப் பதிவிலிருந்தே அழித்தாகிவிட்டது, நானே திறந்து பார்த்தேன். அத்தைக்கு ஒரு வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டாயிற்று. பட்டியலில் 'காரியம்' இருக்கிறது. இனி யாருக்கு நோட்டீஸ் போவதென்றாலும், யாரை நிறுத்துவதென்றாலும், மேனேஜர் படித்துத் தன் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டு நேரில் கொடுத்தால்தான் ஆயிற்று.

நேற்று என் முடிவும் வந்தது. நிரந்தரம் ஆகவில்லை. ஆறு மாதம் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். உங்கள் கம்பெனி வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

கோபம் முழுதும் போகவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

பூர்ணி


முதலியார்பேட்டை
7.9.2025

என் பூர்ணிக்கு,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் உரக்கப் படித்தேன். 'அழித்தாகிவிட்டது' என்ற இடத்தை அஞ்சலாட்சி மறுபடி படிக்கச் சொன்னாள். மறுபடி படித்தேன். அப்போதுதான் அழுதாள். ஜூலையில் அழ வேண்டியது.

உன் அம்மாவிடம் நானே சொல்லிவிட்டேன். தெருவிலும் சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டுச் சிவசங்கரி 'ஐயோ பாவம், ஆறு மாசம் தள்ளிட்டாங்களா?' என்றாள். 'இன்னாடி பாவம்? தப்ப தப்புன்னு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கா. உங்க வீட்ல யாராச்சும் குடுத்திருக்காங்களா?' என்றேன். உள்ளே போய்விட்டாள்.

உன் கோபம் போக வேண்டாம். இருக்கட்டும். என் மேல்தானே?

இனி என் சங்கதி. வியாழக்கிழமை விஜயராகவன் கூப்பிட்டு அனுப்பினார். கதவைச் சாத்தச் சொன்னார். நான் திறந்தே வைத்தேன். ஒரு தாளை மேசைமேல் தள்ளினார். தலையைக் குனிந்துகொண்டே, 'இந்த மாசத்தோட உங்க காண்ட்ராக்ட் முடியுதும்மா. வயசு அறுபத்திரண்டு ஆயிடுச்சு, அதான்' என்றார்.

'போன மாசமும் எனக்கு அறுபத்திரண்டுதான் சார்.'

தாளை இன்னும் கொஞ்சம் என் பக்கம் தள்ளினார்.

'என்னைப் பாத்துச் சொல்லுங்க' என்றேன்.

நிமிர்ந்தார். பார்த்துச் சொன்னார். கண் சிவந்திருந்தது, கெட்ட மனிதர் இல்லை. தாளை எடுத்துக் கீழே பார்த்தேன். பெயர் இருந்தது, கையெழுத்து இருந்தது. நீ மாற்றிய பிறகு அந்த அறையிலிருந்து ஆள் கையெழுத்துப் போட்டு வந்த முதல் தாள் எனக்குத்தான்.

'இதுக்குப் பதில நானும் நேர்லயே சொல்றேன் சார். நாப்பது பேர் எழுதினதுக்கு ஒருத்திய நிறுத்துறீங்க. பரவால்ல. எழுதினது எழுதினதுதான்' என்று சொல்லிவிட்டு வந்து, அன்றைக்கு மடிக்க வேண்டியதை மடித்து முடித்தேன். விரிப்பின் அந்தப் பக்கம் அஞ்சலாட்சி. ஒவ்வொரு மடிப்புக்கும் கிட்டே வரும்போது என் கையைப் பிடித்துவிட்டு முனையைக் கொடுத்தாள்.

இதைக் கேட்டுவிட்டு நீ அழுதுகொண்டு போன் செய்யாதே. உன்னால்தான் ஆயாவுக்கு வேலை போயிற்று என்று புலம்பினால் எனக்குக் கெட்ட கோபம் வரும். நான் செய்ததால் போயிற்று. நான் தெரிந்துதான் செய்தேன். விடுப்பு லெட்டர், வங்கி ஃபாரம், பிள்ளைகளின் பள்ளிக்கூட மனு என்று ஏற்கெனவே நாலு பேர் வாசலுக்கு வந்துவிட்டார்கள். எழுதத்தான் எனக்கு நன்றாக வருகிறதே.

ஒரு வேலை உனக்கு. புதுசாக ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. சிரித்துக்கொண்டு இருந்தாலும் சரி, உம்மென்று இருந்தாலும் சரி, இப்போது எப்படி இருக்கிறாயோ அப்படி. போனில் வேண்டாம், கடையில் கழுவித் தபாலில் அனுப்பு. இரண்டு பிரதி. அஞ்சலாட்சி தனக்கொன்று கேட்கிறாள், அவள் அம்மா படத்துக்குப் பக்கத்து ஆணியில் இடம் இருக்கிறதாம்.

'உசுரோட இருக்கிற புள்ளடி அது, அங்கயா மாட்டுவ?' என்று திட்டினேன்.

'அப்ப எதிர் சுவத்துல மாட்டிக்கிறேன்க்கா' என்கிறாள்.

அனுப்பு.

உன் ஆயா,
க. ஜெயம்